போர்க்கப்பல் பெயர் வைத்த கிட்டார்: யார் இந்த ஃபிராங்க் மார்ட்டின்? 'ட்ரெட்நாட்' உலகம் முழுக்க பரவியது எப்படி?

2020 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு பழைய கிட்டார் ஏலத்துக்கு வந்தது. 'நிர்வாணா' இசைக்குழுவின் கர்ட் கோபேன் 1993-ல் எம்.டி.வி அன்ப்ளக்டு நிகழ்ச்சியில் வாசித்த கிட்டார் அது. விலை 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அதுவரை ஏலத்தில் விற்ற கிட்டார்களிலேயே அதிக விலை அதற்குத்தான்.

அந்த கிட்டாரின் மாடல், மார்ட்டின் டி-18இ. இந்தப் பெயரின் தொடக்கத்தில் இருக்கும் 'டி' என்ற எழுத்துக்கு 'ட்ரெட்நாட்' என்று அர்த்தம். அகலமான உடம்பு, பெரிதாக உள்வாங்காத இடுப்பு, சதுரமான தோள்பட்டை. இன்று எந்த இசைக்கருவிக் கடைக்குப் போனாலும் அகோஸ்டிக் கிட்டார் வரிசையில் இந்த உருவம்தான் முதலில் கண்ணில் படும். நம்ம ஊரில் கிட்டார் கற்க ஆரம்பிப்பவர்கள் பலரும் வாங்கும் யமஹா எஃப்310 கூட இதே குடும்பம்தான்.

இந்த உருவத்தை உலகத்துக்குக் கொடுத்ததில் முக்கியமான பங்கு ஃபிராங்க் ஹென்றி மார்ட்டினுக்கு உண்டு. அவர் மேடை ஏறிய நட்சத்திரம் அல்ல. தாத்தா தொடங்கிய கிட்டார் நிறுவனத்தை 22 வயதில் தோளில் ஏற்றிக்கொண்டு, 60 ஆண்டுகள் சுமந்த தொழிலதிபர். அவர் செய்த ட்ரெட்நாட், முதல் 15 வருடம் கிட்டத்தட்ட யாருமே சீண்டாத சரக்கு என்பதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யம்.

22 வயதில் வந்த பொறுப்பு

மார்ட்டின் குடும்பத்தின் பூர்வீகம் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன். ஃபிராங்கின் தாத்தா கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் மார்ட்டின் 1796-ல் அங்கே பிறந்தவர். வியன்னாவில் யோஹான் ஸ்டாஃபரிடம் கிட்டார் செய்யக் கற்றுக்கொண்டார். சொந்த ஊரில், கிட்டார் செய்யும் உரிமை யாருக்கு என்று வயலின் தயாரிப்பாளர் சங்கம் தகராறு செய்தது. 1833-ல் குடும்பத்தோடு நியூயார்க்குக்குக் கப்பல் ஏறிவிட்டார். சில ஆண்டுகளில் பெருநகரம் ஒத்துவராமல், பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரேத் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்.

தாத்தா விட்டுச்சென்ற சொத்துகளில் முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. கிட்டாரின் மேற்பலகை மெல்லியது. அது வளையாமல் இருக்க உள்பக்கம் சின்னச் சின்ன மரச்சட்டங்களை ஒட்டுவார்கள். 1840-களில் தாத்தா மார்ட்டின் இந்தச் சட்டங்களை 'எக்ஸ்' வடிவத்தில் குறுக்கே வைத்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் கிட்டாருக்கு விலங்குக் குடலில் செய்த நரம்புதான் கட்டுவார்கள். அதற்கு இவ்வளவு பலமான கட்டமைப்பு தேவையே இல்லை. அது பிறகு எதற்கு உதவியது என்பதைக் கீழே பார்ப்போம்.

ஃபிராங்க் 1866-ல் நாசரேத்தில் பிறந்தார். அவருக்கு 6 வயது இருக்கும்போது தாத்தா காலமானார். 1888-ல் அப்பாவும் இறந்துவிட, நிறுவனம் அப்படியே இளைஞர் கைக்கு வந்தது. பெயர் பெரிது, பட்டறை சின்னது. விற்பனை முழுக்க இன்னொருவர் கையில்.

விநியோகஸ்தரோடு முட்டல்

மார்ட்டின் கிட்டார்களை நியூயார்க்கைச் சேர்ந்த சி.ஏ. ஸோபிஷ் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம்தான் பல ஆண்டுகளாக விற்றுவந்தது. கிட்டார் செய்வது நாசரேத்தில். ஆனால் அதில் குத்தப்படும் முத்திரையில் இருப்பதோ நியூயார்க். எந்த மாடல் ஓடும், எது ஓடாது என்பதிலும் ஸோபிஷ் வைத்ததே சட்டம்.

1890-களில் அமெரிக்காவில் மாண்டலின் மோகம் பற்றிக்கொண்டது. இத்தாலியக் குடியேறிகள் கொண்டுவந்த கருவி அது. ஊருக்கு ஊர் மாண்டலின் குழுக்கள் முளைத்தன. நாமும் மாண்டலின் செய்வோம் என்று ஃபிராங்க் இறங்கினார். ஸோபிஷுக்கு அதில் ஆர்வமே இல்லை.

1898-ல் ஃபிராங்க் அந்த உறவை முறித்துக்கொண்டார். இனி நேரடியாக நாமே விற்போம் என்று முடிவெடுத்தார். 30 வயதைத் தாண்டியிருந்த ஒருவர், கையில் இருந்த ஒரே விற்பனை வழியைத் தானே மூடிக்கொள்வது சின்ன ரிஸ்க் இல்லை.

அதே ஆண்டில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. முத்திரையில் நியூயார்க் போய் நாசரேத் வந்தது. ஒவ்வொரு கிட்டாருக்கும் வரிசை எண் போடும் பழக்கமும் தொடங்கியது. 1833 முதல் அதுவரை செய்திருக்கக்கூடிய கருவிகளை உத்தேசமாகக் கணக்கிட்டு, 8000 என்ற எண்ணிலிருந்து ஆரம்பித்தார்கள். இன்று பழைய மார்ட்டின் வாங்குபவர்கள் அது எந்த வருடத்துக் கிட்டார் என்று சரிபார்ப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

சத்தம் பத்தவில்லை!

அந்தக் காலத்து கிட்டார் எவ்வளவு சின்னது தெரியுமா? மார்ட்டினின் 'சைஸ் 1' கிட்டாருக்கு உடம்பின் அகலமான இடமே 12.75 அங்குலம்தான். நாலு பேர் உட்காரும் வரவேற்பறையில் வாசிக்க அது போதும். கூட்டத்துக்கு நடுவே வாசித்தால் பான்ஜோவும் ஃபிடிலும் அதை அமுக்கிவிடும். மைக், ஸ்பீக்கர் எதுவும் இல்லாத காலம் அது.

சத்தம் வேண்டும் என்றால் உடம்பு பெரிதாக வேண்டும். 0, 00 என்று ஏற்கெனவே வளர்ந்துவந்த அளவு வரிசையில், ஃபிராங்கின் காலத்தில் 1902-ல் 000 வந்தது. இங்கே எண் கணக்கு தலைகீழ்: பூஜ்யம் கூடக்கூட கிட்டார் பெரிது. 000-வின் அகலம் 15 அங்குலம்.

அடுத்த அலை ஹவாயிலிருந்து வந்தது. 1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்கா முழுக்க ஹிட் ஆனது. ஃபிராங்க் உடனே யுகுலேலே தயாரிப்பில் இறங்கினார். நான்கே நரம்பு கொண்ட அந்தக் குட்டிக் கருவி 1920-களில் நிறுவனத்துக்கு நல்ல வருமானம் தந்தது. ஹவாய் பாணி கிட்டார் வேறு மாதிரி. அதை மடியில் படுக்கவைத்து, கம்பி மேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிப்பார்கள். அதற்குக் குடல் நரம்பு சரிப்படாது. எஃகுக் கம்பிதான் வேண்டும், ஓங்கிய ஒலியும் வேண்டும். 1916-ல் ஹவாய் இசைக்குழுத் தலைவர் மெகியா கேயாலகாய்க்காக மார்ட்டின் ஒரு ராட்சத கிட்டார் செய்துகொடுத்தது. ட்ரெட்நாட்டின் முன்னோடியாக அது கருதப்படுகிறது.

1916: கப்பல் பெயரில் ஒரு கிட்டார்

ஆலிவர் டிட்சன் என்பது பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய இசை நிறுவனம். அதன் நியூயார்க் கடையைக் கவனித்தவர் ஹாரி ஹன்ட். அவரும் ஃபிராங்க் மார்ட்டினும் சேர்ந்து 1916-ல் ஒரு புதிய உருவத்தை உருவாக்கினார்கள். மற்ற கிட்டார்களுக்கு இருக்கும் எட்டு மாதிரியான வளைவு இதில் இல்லை. இடுப்பு அகலம், அடிப்பகுதி சுமார் 15.6 அங்குலம், பெட்டி ஆழமானது.

இதற்கு என்ன பெயர் வைப்பது? பத்து ஆண்டுகளுக்கு முன், 1906-ல் பிரிட்டன் கடற்படை எச்.எம்.எஸ் ட்ரெட்நாட் என்ற போர்க்கப்பலைக் கடலில் இறக்கியிருந்தது. 12 அங்குல பீரங்கிகள் பத்து, நீராவி டர்பைன் வேகம் என்று வந்த அந்தக் கப்பல், அதுவரை இருந்த போர்க்கப்பல்களை எல்லாம் ஒரே நாளில் பழசாக்கிவிட்டது. எதற்கும் அஞ்சாதது என்பது அந்தப் பெயரின் பொருள். பெரிதாக, மிரட்டலாக இருக்கும் எதற்கும் ட்ரெட்நாட் என்று பெயர் வைப்பது அப்போது ஃபேஷன். கிட்டாருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஏன் விற்கவில்லை?

ஆட்கள் வரிசையில் நின்று வாங்கினார்களா? இல்லை. டிட்சன் கடையின் பெயரோடு சிறிய எண்ணிக்கையில்தான் இந்த கிட்டார் வெளிவந்தது. மார்ட்டின் தன் சொந்தப் பெயரில் அதை விற்கவே இல்லை.

காரணம் எளிது. அன்றைக்கு கிட்டார் வாசித்தவர்களில் பெரும்பாலானோர் தனியாக, விரல்களால் மெல்லிய மெட்டுகளை வாசித்தவர்கள். அவர்களுக்கு மேல்கம்பியும் கீழ்கம்பியும் சமமாகக் கேட்க வேண்டும். ட்ரெட்நாட்டில் பேஸ் மட்டும் முழங்கியது. கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு பாடுபவர்கள் அப்போது குறைவு. இந்த கிட்டார் யாருக்குப் பொருந்துமோ, அந்த ஆட்கள் இன்னும் மேடைக்கே வரவில்லை.

பெயர் கொடுத்த போர்க்கப்பல்கூட 1921-ல் பழைய இரும்பாக விற்கப்பட்டுவிட்டது. கிட்டார் மட்டும் ஓரமாக உயிரோடு இருந்தது.

இழப்பு, பொருளாதார மந்தம், ஒரு திருப்பம்

ஃபிராங்குக்கு இரண்டு மகன்கள். இருவரும் பிரின்ஸ்டனில் படித்துவிட்டு அப்பாவின் தொழிலுக்கே வந்தார்கள். 1927-ல் இளைய மகன் ஹெர்பர்ட் எதிர்பாராமல் இறந்துபோனார். அப்பாவும் மூத்த மகன் மூன்றாம் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக்கும் மட்டும் மிஞ்சினார்கள்.

இரண்டே ஆண்டுகளில் அடுத்த அடி. 1929-ல் பங்குச் சந்தை சரிந்து, அமெரிக்கப் பொருளாதாரம் முடங்கியது. சாப்பாட்டுக்கே திண்டாடுபவர் கிட்டாரா வாங்குவார்? தொழிற்சாலை வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் ஓடிய காலமும் உண்டு. வயலின் பாகங்கள் செய்தார்கள். மரத்தில் நகைகள்கூட செய்து பார்த்தார்கள்.

இந்த நெருக்கடியில்தான் நிறுவனத்தின் மிகச் சிறந்த யோசனைகள் வந்தன. 1929-ல் பெர்ரி பெக்டல் என்ற பான்ஜோ கலைஞர், கிட்டாரில் கை எட்டும் ஃப்ரெட்கள் போதவில்லை, கழுத்து நீளமாக வேண்டும் என்று கேட்டார். அதுவரை உடம்புக்கு வெளியே 12 ஃப்ரெட்தான் இருக்கும். அவருக்காக 14 ஃப்ரெட் வெளியே தெரியும்படி 'ஓ.எம்' மாடல் பிறந்தது.

1931-ல் டிட்சன் நிறுவனம் வேறொரு பதிப்பகத்தின் கைக்குப் போனது. ட்ரெட்நாட்டுக்கு இனி வேறு உரிமையாளர் இல்லை. அதே ஆண்டில் ஃபிராங்க் அதைத் தன் சொந்தப் பெயரில் கொண்டுவந்தார். மஹாகனியில் டி-1, ரோஸ்வுட்டில் டி-2. இவைதான் சீக்கிரமே டி-18, டி-28 என்று பெயர் மாறின. 1934-ல் இதற்கும் 14 ஃப்ரெட் கழுத்து வந்தது. இன்று நாம் பார்க்கும் ட்ரெட்நாட்டின் உருவம் அப்போது முடிவானதுதான்.

நேரமும் சரியாக அமைந்தது. 1920-களின் நடுவில் சிகாகோவிலும் நாஷ்வில்லிலும் கிராமியப் பாடல் நிகழ்ச்சிகளை ரேடியோ ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. கையில் கிட்டாரோடு பாடும் ஆள் இப்போது வீட்டுக்கு வீடு கேட்கும் நட்சத்திரம். 1916-ல் இல்லாத வாடிக்கையாளர் 1930-களில் வந்துவிட்டார். 1933-ல் பாடும் கவ்பாயாகப் புகழ்பெற்ற ஜீன் ஆட்ரிக்காக, அவர் பெயரைக் கழுத்தில் பதித்து, சிப்பி வேலைப்பாடுகளோடு முதல் டி-45 தயாரானது. போட்டி நிறுவனமான கிப்சன் 1934-ல் 'ஜம்போ' என்ற பெரிய கிட்டாரோடு களத்தில் குதித்தது. போட்டியாளரே பின்தொடர ஆரம்பித்த பிறகு ஜெயித்தாயிற்று என்றுதானே அர்த்தம்!

அப்படி என்னதான் இருக்கு இந்த உடம்பில்?

வாசிப்பவர்களுக்கு ட்ரெட்நாட் பிடித்துப்போவதற்கு முக்கியமான காரணங்கள் இவை:

பேஸ்: பெட்டி பெரிதானால் உள்ளே இருக்கும் காற்றும் அதிகம். மேற்பலகையின் பரப்பும் அதிகம். தாழ்ந்த சுரங்கள் தடித்து ஒலிக்க இவை இரண்டும் உதவுகின்றன. இடுப்பு குறுகாததால் அந்தப் பரப்பு நடுவில் வீணாவதில்லை.

தாளம்: கீழ் சுரத்தை ஒருமுறை தட்டி, பிறகு கார்டை ஒருமுறை வீசினால் 'தும்-சக், தும்-சக்' என்று கேட்கும். டிரம்ஸ் இல்லாத புளூகிராஸ் இசைக்குழுக்களில் ட்ரெட்நாட் இந்த வேலையைச் செய்கிறது. தனியாகப் பாடுபவருக்கு அது பக்கவாத்தியம், தாளம் இரண்டும்.

எஃகுக் கம்பி: ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். ஒரு ஆள் எந்நேரமும் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி. தாத்தா குடல் நரம்புக் காலத்தில் யோசித்த அந்த 'எக்ஸ்' சட்டம்தான் மேற்பலகையை உடையாமல் தாங்குகிறது. டிட்சனுக்காகச் செய்த தொடக்க கிட்டார்களில் விசிறி வடிவச் சட்டங்கள் இருந்தன. மார்ட்டின் பெயரில் வந்தபோது 'எக்ஸ்' வந்துவிட்டது.

மரம்: மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ். பின்பக்கமும் பக்கவாட்டும் மஹாகனி என்றால் ஒலி நேரடியாக, கச்சிதமாக இருக்கும். டி-18 அந்த ரகம். ரோஸ்வுட் என்றால் பேஸ் ஆழமாகி, ஒலி கொஞ்ச நேரம் நின்று மறையும். அது டி-28.

குறை இல்லையா என்றால், இருக்கு. சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு வலது கையை இவ்வளவு பெரிய பெட்டிக்கு மேல் போடுவது தோள் வலி. இடுப்பு வளைவு குறைவு என்பதால் உட்கார்ந்து வாசிக்கும்போது தொடையில் உயரமாக நிற்கும். விரல்களால் நுணுக்கமாக வாசிப்பவர்கள் பலர் இன்றும் 000, ஓ.எம் அளவுகளைத்தான் தேர்வு செய்கிறார்கள். 1916-ல் வாங்காமல் போனவர்கள் சொன்ன அதே குறை. பாடுவதற்கு, ஸ்ட்ரம் செய்வதற்கு என்றால் ட்ரெட்நாட். மென்மையாக விரலில் வாசிக்க என்றால் சின்ன உடம்பு. வாங்கும் முன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்.

அவர் பார்க்காமல் போனவை

இரண்டாம் உலகப் போர் வந்தது. உலோகம் கிடைக்கவில்லை, அலங்காரப் பொருட்கள் வரத்து நின்றது. 1942-ல் டி-45 தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதுவரை செய்தது மொத்தமே 91. இன்று சேகரிப்பாளர்கள் கனவு காணும் கிட்டார்களில் அவையும் அடக்கம்.

ஃபிராங்க் மார்ட்டின் 1948-ல் தன் 81-வது வயதில் காலமானார். ரேடியோ காலத்து வெற்றியை அவர் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. ஹேங்க் வில்லியம்ஸ் கையில் டி-28 இருந்தது. அவருடைய 1941-ம் ஆண்டு கிட்டார் பிறகு நீல் யங்கிடம் வந்து, மேடையிலும் ஒலித்தது. 1950-களில் மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லி டி-18 வாசித்தார். 1968-ல் பீட்டில்ஸ் ரிஷிகேஷ் வந்தபோது ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் டி-28-களைக் கொண்டுவந்தார்கள். 'ஒயிட் ஆல்பம்' பாடல்களில் பல அங்கே, கங்கைக் கரையில் உருவானவை.

இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு. ஃபிராங்க் காலத்து டி-28, பிரேசில் ரோஸ்வுட்டில் ஆனது. 1960-களின் இறுதியில் பிரேசில் அந்த மரக்கட்டை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் அதே மரம்.

நாசரேத்தில் இன்றும் அந்த நிறுவனம் கிட்டார் செய்துகொண்டிருக்கிறது. ஸோபிஷோடு உறவை முறித்த 1898-ல் 8000-லிருந்து தொடங்கிய வரிசை எண், 2004-ல் 10 லட்சத்தைத் தொட்டது. அடுத்த 10 லட்சத்துக்கு இன்னும் ஒரு நூற்றாண்டு தேவைப்படவில்லை. 2017-லேயே வந்துவிட்டது. அந்த 20 லட்சமாவது கிட்டார், ஒரு டி-45.